பதின்பருவப் பிள்ளைகளுக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

13 முதல் 18 வயதுக்குள், உடல் பருமன் மிக முற்றிய நிலையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கான பக்கம் இது. பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள். தினமும் மாத்திரை விழுங்கப்போவது அவர்கள்தான்.

குண்டாக இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இது செய்வார்களா?

மாட்டார்கள். முதலில் பிஎம்ஐ கணக்கு, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 165 செ.மீ. உயரமும் 105 கிலோ எடையும் உள்ள 15 வயதுப் பையனுக்கு 105 ÷ 1.65 ÷ 1.65 = 38.6.

பெரியவர்களுக்கு இந்த எண்ணே போதும். பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் பார்த்து, வளர்ச்சி அட்டவணையின் 95-ஆம் பெர்சென்டைலோடு (நூறு பிள்ளைகளில் 95 பேர் கீழே இருக்கும் கோடு) ஒப்பிட வேண்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் அட்டவணையில் 15 வயதுப் பையனுக்கு அந்தக் கோடு சுமார் 26.8. அதன் 120 சதவீதம் 32.2, 140 சதவீதம் 37.5. அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவ அகாடமி 2019-இல் வெளியிட்ட அளவுகோல் இது: பிஎம்ஐ 35 அல்லது 120 சதவீதக் கோடு, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டி, கூடவே தீவிரமான துணை நோயும் இருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். பிஎம்ஐ 40 அல்லது 140 சதவீதக் கோடு, இரண்டில் குறைவானதைத் தாண்டிவிட்டால் துணை நோய் இல்லாவிட்டாலும் பேசலாம். மேலே சொன்ன பையன் இரண்டாவது வகை.

துணை நோய் என்றால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, கொழுப்பால் கல்லீரல் வீங்கிப் புண்ணாவது, தலைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை மங்குவது, இடுப்பு மூட்டின் பந்து நழுவுவது, முழங்காலுக்குக் கீழே கால் வில்லாக வளைவது போன்றவை.

நம் ஊர்ப் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். தெற்காசிய உடம்பில் இதைவிடக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அதனால் பெரியவர்களுக்கான 2022 சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு 25-ஐயே பருமனின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. எனவே எண் கொஞ்சம் கீழே இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாமல், கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்திருந்தால் சர்க்கரையைப் பரிசோதித்துவிடுங்கள்.

வளர்கிற வயசு. உயரம் நின்றுவிடாதா? 18 ஆகும்வரை பொறுத்தால் என்ன?

முன்பெல்லாம் எலும்பு முதிர்ச்சியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பருவ வளர்ச்சி முடிகிற கட்டத்துக்கு வந்த பிறகே செய்தார்கள். வளர்ச்சி தடைப்பட்டதற்குச் சான்று கிடைக்காததால் 2018-இல் அமெரிக்க பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு) அறுவை மருத்துவர் சங்கம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 2023-இல் குழந்தைகள் மருத்துவ அகாடமியும், 13 வயதுக்கு மேல் தகுதியுள்ள பிள்ளைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொன்னது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. டீன்-லேப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில், அறுவைக்குப் பின் ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நோய் மறைந்திருந்தது பதின்பருவத்தினரில் 86 சதவீதம் பேருக்கு. பெரியவர்களாகிச் செய்துகொண்டவர்களில் அது 53 சதவீதம்தான். கணையம் களைத்துப்போன பிறகு எடை குறைந்தும் பயன் பாதிதான்.

டயட், நடைப்பயிற்சி, இப்போது வரும் ஊசி மருந்து இவை போதாதா?

சாப்பாட்டு மாற்றமும் உடற்பயிற்சியும் எல்லோருக்கும் முதல் படி. அறுவைக்குப் பிறகும் அவை தொடரும். ஆனால் இந்த அளவு பருமனில் அவை மட்டும் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஒரு ஒப்பீடு இருக்கிறது. ஸ்வீடனில் 13 முதல் 16 வயதுள்ள 50 பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். இரண்டு ஆண்டில் அறுவைக் குழுவின் பிஎம்ஐ 12.6 இறங்கியது. தீவிர உணவு, உடற்பயிற்சிக் குழுவில் இறங்கியது 0.2.

செமக்ளூடைட் வார ஊசியை 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் டிசம்பர் 2022-இல் அனுமதித்தார்கள். அதற்கான ஆய்வில் 68 வாரத்தில் பிஎம்ஐ சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. இது நல்ல பலன்தான். பிஎம்ஐ 35-ஐ ஒட்டி இருக்கும் பிள்ளைக்கு இதை முதலில் முயன்று பார்ப்பது நியாயம். 50-ஐத் தாண்டிய பிள்ளைக்கு இது மட்டும் போதாமல் போகலாம். ஊசியை நிறுத்தினால் எடை திரும்புகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

உள்ளே என்னதான் செய்கிறார்கள்?

பதின்பருவத்தில் இன்று பெரும்பாலும் செய்வது ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் போட்டு கேமராவை விடுவார்கள். வாய் வழியாக ஒரு ரப்பர் குழாய் இரைப்பைக்குள் இறங்கும். 36 முதல் 40 பிரெஞ்ச் அளவு, அதாவது ஏறத்தாழ 12, 13 மி.மீ. தடிமன். அந்தக் குழாயை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இரைப்பை சிறுகுடலில் சேரும் வாய்க்கு 4 முதல் 6 செ.மீ. முன்னாலிருந்து மேல்நோக்கி ஸ்டேப்லரால் வெட்டிக்கொண்டே போவார்கள். ஸ்டேப்லர் ஒவ்வொரு அழுத்தலிலும் இரண்டு பக்கமும் மும்மூன்று வரிசை டைட்டானியம் பின்களை அடித்து, நடுவே கத்தியை ஓட்டும். இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் துண்டாகி, ஒரு துளை வழியே வெளியே வந்துவிடும். மீதி இருப்பது வாழைப்பழம் போன்ற குழல். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் துண்டோடு போய்விடுவதால் பசியே குறைகிறது. எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இதைப் பிள்ளைக்கு வார்த்தை மழுப்பாமல் சொல்லுங்கள்.

இன்னொன்று கேஸ்ட்ரிக் பைபாஸ். இரைப்பையின் மேல்முனையில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை செய்து, சிறுகுடலை வெட்டி அதோடு இணைப்பார்கள். கடுமையான நெஞ்செரிச்சல் உள்ள பிள்ளைக்கு இது பொருத்தம், ஏனென்றால் ஸ்லீவ் நெஞ்செரிச்சலைக் கூட்டும். ஆனால் பைபாஸில் சத்துக் குறைபாடு அதிகம், குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து வாழ்நாள் முழுதும் உண்டு. இரைப்பையைச் சுற்றி வளையம் மாட்டும் முறையை இந்த வயதினருக்கு யாராவது பரிந்துரைத்தால் வேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

அதற்கு முன் என்னென்ன பார்ப்பார்கள்?

ரத்தத்தில் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி), கொழுப்பு, கல்லீரல் என்சைம்கள், தைராய்டு, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பின் இருப்பு), பி12, விட்டமின் டி. குறட்டை விடும் பிள்ளைக்கு இரவு முழுதும் ஒயர் மாட்டித் தூக்கப் பரிசோதனை. மூச்சு நிற்பது தெரியாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து. பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப் பரிசோதனை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்வது, கோபித்துக்கொள்ள வேண்டாம். பிசிஓஎஸ்ஸுக்காக (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ரத்தக்கட்டு ஆபத்துக்காக. பல வீடுகளில் இது “ஹார்மோன் மாத்திரை” என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

உயரத்தையும் பாருங்கள். அதிகம் சாப்பிட்டுப் பருத்த பிள்ளை பெரும்பாலும் வயதுக்குக் கொஞ்சம் உயரமாகவே இருக்கும். குட்டையாகவும் குண்டாகவும் இருந்தால் ஹார்மோன் அல்லது மரபணுக் கோளாறைத் தேட வேண்டும்.

கடைசி இரண்டு வாரம் குறைந்த கலோரி திரவ உணவு. கொழுப்பேறிய கல்லீரல் பெருத்து இரைப்பையின் மேல் படுத்துக்கொண்டிருக்கும். இந்தப் பத்தியம் அதைச் சுருக்கிக் கருவி போக வழி விடும். நடுவில் ஒரு நாள் கல்யாண வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு மறைத்தால் சிரமப்படப்போவது ஆபரேஷன் டேபிளில்தான்.

யாருக்குச் செய்ய மாட்டார்கள்?

மருந்தால் சரியாகக்கூடிய காரணத்தால் பருத்தவர்கள், கடந்த ஓராண்டுக்குள் போதைப் பழக்கம் இருந்தவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், சிகிச்சை விதிகளைப் பின்பற்ற முடியாத நிலையில் மனநலமோ குடும்பச் சூழலோ உள்ளவர்கள். மனச்சோர்வு இருப்பதே தடை ஆகாது. அதற்கு மருத்துவம் நடந்து, நிலை சீராக இருந்தால் போதும்.

முக்கியமான ஒன்று. இந்தியாவில் 18 வயதுக்குள் கையெழுத்துப் போடுவது பெற்றோர். ஆனால் பிள்ளைக்கு மனசில்லை என்றால் செய்யக் கூடாது. மருத்துவர் பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவது இதற்காகத்தான்.

எவ்வளவு எடை குறையும்?

டீன்-லேப்ஸில் 242 பேர். தொடங்கும்போது சராசரி பிஎம்ஐ 53. மூன்று ஆண்டு முடிவில் உடல் எடையில் சராசரியாக 27 சதவீதம் குறைந்தது. ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 140 கிலோ இருக்கும் பெண்ணுக்கு இந்தச் சராசரியைப் போட்டால் 38 கிலோ போய் 102-இல் நிற்பாள். சர்க்கரை போகலாம், மூச்சு சீராகலாம், மாடிப்படி ஏறலாம், பஸ் சீட்டில் ஒருவர் இடத்தில் உட்காரலாம். விளம்பரப் படத்தில் வரும் உடம்பு வராது. இதைத் தெரிந்துகொள்ளாமல் வரும் பிள்ளைதான் ஒன்றரை வருஷத்தில் “தோத்துட்டேன்” என்று மாத்திரையை நிறுத்துகிறது.

2024-இல் வந்த பத்தாண்டு முடிவில் பிஎம்ஐ சராசரியாக 20 சதவீதம் கீழேயே இருந்தது. சர்க்கரை நோய் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு அது திரும்பாமல் இருந்தது.

ஆபத்து என்னென்ன? எப்போது ஓடி வர வேண்டும்?

ஸ்டேப்லர் போட்ட கோட்டில் கசிவு வருவது அரிது, ஆனால் அதுதான் பெரிய பயம். பெரும்பாலும் இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் மேல்மூலையில் வரும். பல சமயம் வீட்டுக்கு வந்த பிறகு. பருமனான உடம்பில் வயிறு கல்லாக இறுகுவது கைக்குத் தெரியாது. நாடித்துடிப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும். படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே வாருங்கள். இடது தோளில் வலி, மூச்சு வாங்குவது, காரணம் தெரியாத பதற்றம் இவையும் அதே அறிகுறிகள். வாயு என்று ஓம வாட்டர் கொடுத்து நேரத்தைப் போக்க வேண்டாம்.

கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டு. இதைத் தடுக்கத்தான் அறுவை நடந்த அன்று சாயங்காலமே நடக்கச் சொல்கிறார்கள். “பச்சை உடம்பு, படுத்திருக்கட்டும்” என்று பாட்டி சொன்னாலும் நடக்க வையுங்கள்.

எடை வேகமாகக் குறையும் மாதங்களில் பித்தப்பையில் கல் உருவாகும். அதற்காக ஆறு மாதம் உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் கொடுப்பது வழக்கம். டீன்-லேப்ஸில் மூன்று ஆண்டுக்குள் 13 சதவீதம் பேருக்கு வயிற்றில் இன்னொரு அறுவையோ சிகிச்சையோ தேவைப்பட்டது. அவற்றில் பல பித்தப்பை நீக்கமே.

வீட்டுக்கு வந்ததும் என்ன கொடுக்கலாம்?

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த திரவம்: தண்ணீர், சீரகத் தண்ணீர், வடிகட்டிய சூப். இரண்டாம் வாரம்வரை நீர்மோர், சர்க்கரை போடாத பால், கரைத்த புரதப் பவுடர். அடுத்த இரண்டு வாரம் மிக்ஸியில் மைய அரைத்தது: பாசிப்பருப்பு, தயிர், அரைத்த முட்டை. பிறகு இரண்டு வாரம் மசித்தது. திட உணவு ஆறு முதல் எட்டாவது வாரத்தில். ஒவ்வொரு மருத்துவமனையும் நாள் கணக்கைச் சற்று மாற்றும். அவர்கள் கொடுத்த தாளைப் பின்பற்றுங்கள்.

முதல் மாதத்தில் பிள்ளையை மறுபடி மருத்துவமனைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் நீர்ச்சத்துக் குறைவுதான். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்க முடியாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 30 மில்லி கப் ஒன்று, கால் மணி நேரத்துக்கு ஒரு முறை. விழித்திருக்கும் 13 மணி நேரத்தில் 1,560 மில்லி ஆகிவிடும். ஃபோனில் அலாரம் வைத்துக்கொள்ளட்டும். சிறுநீர் அடர் மஞ்சளானால் பின்தங்கிவிட்டது என்று அர்த்தம்.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். ரசம் சோறு, மோர் சோறு என்று கரைத்து ஊற்றும் நம் பழக்கம் இங்கே எதிரி: சுலபமாக இறங்கும், வயிறு நிறையாது, புரதம் இருக்காது.

புரதத்துக்கு என்ன வழி? எங்கள் வீட்டில் இட்லி, தோசைதான்.

ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு இட்லியில் இரண்டு கிராம்தான் இருக்கும். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் இப்படி அமையலாம்: இரண்டு முட்டை 12 கிராம், 60 கிராம் மீன் 12, ஐம்பது கிராம் பனீர் 9, கெட்டிப் பருப்பு அரைக் கப் 7, தயிர் 100 கிராம் 3. மொத்தம் 43. மீதி இருபதும் புரதப் பவுடர் ஒரு ஸ்கூப்பில் வரும். சைவ வீட்டில் பவுடர் இல்லாமல் முதல் ஆறு மாதம் கஷ்டம். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, இடம் இருந்தால் சோறு. ஒரு வேளைச் சாப்பாடு இருபது நிமிடமாவது நீளட்டும். வாயில் கூழாகும்வரை மெல்ல வேண்டும். பள்ளியில் மதிய இடைவேளை அதற்குப் போதாது. வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசி, பாடவேளை நடுவே தண்ணீர் குடிக்கவும் அனுமதி வாங்கிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை விரதம், ரமலான் நோன்பு எல்லாம் முதல் வருஷம் வேண்டாம். பிறகும் மருத்துவரைக் கேட்டுத்தான்.

மாத்திரை எத்தனை நாளைக்கு?

ஆயுள் முழுதும். அறுவை சிகிச்சை ஒன்றிரண்டு மணி நேர வேலை. இதுதான் அறுபது வருஷ வேலை. தினம் பல்விட்டமின், பி12 350 முதல் 1,000 மைக்ரோகிராம் (அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி), விட்டமின் டி 3,000 யூனிட், கால்சியம் 1,200 முதல் 1,500 மில்லிகிராம், தயமின் (விட்டமின் பி1) குறைந்தது 12 மில்லிகிராம். இரும்பு பையன்களுக்கு 18 மில்லிகிராம், மாதவிடாய் வரும் பெண்களுக்கு 45 முதல் 60. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் மாற்றுவார். கால்சியம் சிட்ரேட் வகையாக இருக்கட்டும்; கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், அது இப்போது குறைவு.

இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி தேவை. இரும்பு மாத்திரையை டீயோடோ காபியோடோ விழுங்கினால் பாதி வீண். பள்ளி போகும் பிள்ளைக்கு எளிய முறை: காலை 7 மணிக்குத் தண்ணீரோடு இரும்பு கலந்த பல்விட்டமினும் மற்றவையும், மாலை 5 மணிக்குக் கால்சியம் 600, இரவு 9 மணிக்கு மறுபடி 600. பள்ளிக்கு எதுவும் கொண்டுபோக வேண்டாம். மறதிக்கு இடம் குறைவு. ஜெல்லி மிட்டாய் மாதிரி வரும் விட்டமின்களில் பெரும்பாலும் இரும்பு இருக்காது.

மூன்று ஆண்டு முடிவில் டீன்-லேப்ஸ் பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் குறைவாக இருந்தது. எனவே 3, 6, 12-ஆம் மாதங்களிலும் பிறகு வருஷா வருஷமும் ரத்தப் பரிசோதனை. பிளஸ் டூ முடித்து ஹாஸ்டலுக்குப் போகும் முதல் வருஷத்தில்தான் எல்லாம் நிற்கும். அதற்கு முன்பே மாத்திரையை யார் வாங்குவது, எந்த ஊரில் பரிசோதனை என்று முடிவாகியிருக்க வேண்டும். இன்னொன்று: தலைவலிக்கும் மாதவிடாய் வலிக்கும் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள், குறிப்பாக பைபாஸுக்குப் பிறகு, இணைப்பில் புண் உண்டாக்கும்.

வாந்தி நிற்கவே இல்லை. சாதாரணம்தானா?

வேகமாகச் சாப்பிட்டதால் ஒரு முறை வருவது சாதாரணம். இரண்டு மூன்று நாள் விடாமல் வந்தால் குழல் எங்கோ குறுகியிருக்கலாம். அதோடு தயமின் வேகமாகக் காலியாகிக்கொண்டிருக்கும். உடம்பில் அதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். பாதம் எரிவது, கால் துவண்டு தள்ளாடுவது, பொருள்கள் இரண்டாகத் தெரிவது, பேச்சு குழம்புவது வந்தால் அது அவசரம். பக்கத்துத் தெரு கிளினிக்கில் களைப்புக்கு என்று குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றிவிடுவார்கள்; தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் போனால் மூளைப் பாதிப்பு தீவிரமாகும். “எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆயிருக்கு, முதல்ல தயமின் ஊசி போடுங்க” என்று எழுதிய சீட்டைப் பிள்ளையின் பர்ஸில் வையுங்கள்.

முடி கொட்டுகிறதே?

மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆறாம் மாதம்வரை கொட்டும், பிறகு முளைக்கும். வேகமான எடைக் குறைவின் அதிர்ச்சி அது. ஆறு மாதம் தாண்டியும் கொட்டினால் இரும்பும் புரதமும் பார்க்க வேண்டும். எண்ணெய் மாற்றுவதால் ஆவது ஒன்றுமில்லை.

மாதவிடாய், கல்யாணம், குழந்தை?

எடை இறங்கியதும் பிசிஓஎஸ் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் சீராகிவிடும். கருத்தரிக்கும் வாய்ப்பும் சட்டென்று கூடும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் கூடாது. தாயின் உடம்பே சத்துக்குத் திண்டாடும் காலம் அது. 18, 19 வயதில் கல்யாணப் பேச்சு எடுக்கும் வீடுகள் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை முழுதாக நம்ப முடியாது.

எடை மறுபடி ஏறுமா?

இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது இயல்பு. அதிகம் ஏறினால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு இறங்கும் தீனிதான் காரணம்: மில்க் ஷேக், ஐஸ்கிரீம், சிப்ஸ், முறுக்கு, சாக்லேட். மென்றதும் கரைந்து குழலில் நிற்காமல் ஓடும். கோழித் துண்டு நாலு வாய்க்கு மேல் இறங்காத வயிறு, ஒரு பொட்டலம் சிப்ஸை வாங்கிக்கொள்ளும். கல்லூரியில் மதுவும் இப்படித்தான், இன்னும் மோசம்: முன்பைவிட வேகமாகத் தலைக்கேறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடும். இதை அறுவைக்கு முன்பே பிள்ளையிடம் பேச வேண்டும்.

காப்பீடு கிடைக்குமா?

2019-இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விதிப்படி, பருமன் அறுவைக்குப் பணம் தர வயது 18 ஆகியிருக்க வேண்டும். பிஎம்ஐ 40, அல்லது கடுமையான துணை நோயோடு 35 இருக்க வேண்டும். ஆகவே 18-க்குக் கீழே பெரும்பாலும் கைப்பணம்தான். அறுவைக் கட்டணத்தோடு மாத்திரை, பரிசோதனைச் செலவுக்கும் மாதாந்திரமாக ஒரு தொகை ஒதுக்குங்கள். அது முடியாது என்றால் அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது என்ன கேட்பது?

18 வயதுக்குக் கீழ் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டிலும் பரிசோதனைக்கு வருகிறார்கள்? குழந்தைகள் மருத்துவரும் உளவியலாளரும் டயட்டீஷியனும் குழுவில் இருக்கிறார்களா? கட்டிடத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? இரவு இரண்டு மணிக்கு நாடி 120-ஐத் தாண்டினால் யாருடைய எண்ணுக்கு அழைப்பது? முதல் சந்திப்பிலேயே அறுவைத் தேதியும் தள்ளுபடியும் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும், எண்ணோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.